பிறந்த தேதி எழுதுகிறவள்

அந்தக் காகிதத்தில் எலியக்காவைச் சுட்டது ஒரே ஒரு வார்த்தைதான். மேற்படி, கீழ்க்கண்ட, உரிய விளக்கம் என்று மற்றதெல்லாம் ஆபீஸ் காகிதத்தில் வழக்கமாக வந்து உட்காருகிற சொற்கள். அவற்றின் நடுவே அது இருந்தது. "குட்டிகளின் பிறந்த தேதியைப் பதிவு செய்வதில் விலங்குக் கூட ஊழியரின் கவனக்குறைவு." ஐந்து நாளுக்குள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வார்கள் என்று எழுதவில்லை. எழுதாமலே தெரியும். எலி அறையிலிருந்து தூக்கிக் குப்பி கழுவும் கொட்டகையில் போடுவார்கள்.

அவள் அதை இரண்டாக மடித்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு எலிகளுக்குத் தண்ணீர் மாற்றப் போனாள்.  

ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக எலி வளர்க்கிறவள் அவள். முதலில் தரை துடைக்கத்தான் வந்தாள். அப்போது எலி பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். கூடையைப் பிடி என்றார்கள், பிடித்தாள். எலியைப் பிடி என்றார்கள், அதையும் பிடித்தாள். அன்றிலிருந்து பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. வாசல் காவலாளியிலிருந்து வருஷம் ஒருமுறை வரும் ஆய்வாளர்கள் வரை எல்லோருக்கும் அவள் எலியக்கா. அவள் புருஷன், வண்டிகளுக்கு இருக்கை தைக்கிறவர், சண்டை வந்தால் மட்டும் எலியக்கா என்று கூப்பிடுவார்.

அங்கே பெண்களுக்கான ஒரு ஹார்மோன் ஊசி மருந்து செய்கிறார்கள். அதற்கு எவ்வளவு வீரியம் என்று குப்பியை ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. இருபத்தொரு நாள் வயதுப் பெண் எலிக்குட்டிகள்தான் சொல்ல வேண்டும். குட்டிகளை மூன்று கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். இன்னொன்றுக்கு வீரியம் இன்னதென்று ஏற்கெனவே தெரிந்த மருந்து. மூன்றாவதற்குப் புதிதாகச் செய்த மருந்து. மூன்று நாள் ஊசி, நான்காம் நாள் குட்டிகளைக் கொன்று கருப்பையை எடுத்து எடை போடுவார்கள். மருந்துக்கு வீரியம் இருந்தால் கருப்பை கனத்திருக்கும். எவ்வளவு கனம் என்பதை வைத்துத்தான் கணக்கு.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் எலி எதற்கெல்லாம் மாறும் என்று அவளைக் கேட்டால் சாப்பாட்டு இடைவேளை முழுக்கப் பேசுவாள். அறையில் சூடு கொஞ்சம் ஏறினால் மாறும். விளக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக எரிந்தால் மாறும். பக்கத்து அறையில் எவனாவது சுவரில் துளை போட்டால் மாறும். பிடிக்கிற கை புதிது என்றால் பயந்து மாறும். அதனால்தான் அவள் வாசனைச் சோப்புப் போடுவதில்லை, தலைக்கு மணக்கிற எண்ணெய் வைப்பதில்லை, கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிட்டே உள்ளே போவாள். ஒரு தாயின் பிள்ளைகளை ஒரே கூட்டத்தில் விடமாட்டாள். "கூடப் பொறந்ததுங்க ஒண்ணா இருந்தா ஒரே மாதிரிதான் காட்டும். பாகம் பிரிச்சு அனுப்பணும்" என்பாள். கூடையில் கைவிட்டால் முதலில் கையில் வருவது சோம்பேறிக் குட்டி, கடைசியில் வருவது துறுதுறுப்பானது. பிடித்த வரிசையிலேயே கூட்டம் பிரித்தால் ஒரு கூட்டம் முழுக்கச் சோம்பேறிகள் ஆகிவிடும். ஆகவே சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் பிரிப்பாள். இதையெல்லாம் எந்தப் படிப்பிலும் படிக்கவில்லை. திட்டு வாங்கியும் பார்த்துப் பார்த்தும் கற்றுக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே தேதி. காலை ஏழு மணிக்குத் தாய் எலிகளின் கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். குட்டி போட்டிருந்தால் கூண்டு அட்டையில் அழியாத பென்சிலால் பிறந்த தேதி. காது மடல் விரிந்த நாள், கண் திறந்த நாள் இரண்டையும் பக்கத்திலேயே குறிப்பாள். அப்படிக் குறிக்கச் சொல்லி அவளிடம் யாரும் கேட்டதில்லை. குட்டிக்கு நாலு நாள் வயது கூடினாலே கருப்பை தானாகக் கனத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். தேதி பொய்யானால் எல்லாம் பொய்.

அந்தத் தேதியில்தான் இப்போது கைவைத்திருந்தார்கள்.

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று சோதனை கெட்டுப்போயிருந்தது. உப்புத் தண்ணீர் மட்டும் போட்ட குட்டிகளுக்கே கருப்பை கனத்துக்கிடந்தது. இருபது, இருபத்திரண்டு மில்லிகிராம் இருக்க வேண்டியது முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று காட்டியது. ஒன்றுமே போடாதது அப்படி ஊதிக்கிடந்தால் மருந்து போட்டதை எதோடு ஒப்பிடுவது? மூன்று சோதனையையும் செல்லாது என்று எழுதிவிட்டார்கள். ஒரு சோதனைக்கு முப்பத்தாறு குட்டி. ஆக நூற்றெட்டு.

எலியக்கா எலிகளைக் கொஞ்சுகிற ரகம் இல்லை. அவை எதற்காகப் பிறக்கின்றன என்று தெரிந்துதான் வளர்க்கிறாள். ஆனால் செத்ததற்கு ஒரு பதிலாவது கிடைக்க வேண்டும் என்பது அவள் கட்சி. நூற்றெட்டு செத்து ஒரு பதிலும் வரவில்லை என்பது அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. மேலாளருக்கு அந்த எரிச்சல் இல்லை. அவருக்கு வேண்டியது பழியைப் போட ஒரு தலை.

மேலாளரைப் பின்னால் எல்லோரும் புள்ளி சார் என்பார்கள். எந்த எண்ணையும் தசமப் புள்ளி இல்லாமல் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. மணி கேட்டால்கூடப் பதினொன்று புள்ளி ஐந்து என்பார். மறுநாள் காலை எலியக்கா அந்தக் காகிதத்தோடு அவர் அறைக்குப் போனாள்.

"சார், தேதி ஒண்ணுகூடத் தப்பில்ல. அட்டையெல்லாம் கொண்டு வந்திருக்கேன். கண்ணு தொறந்த நாளும் எழுதியிருக்கேன், பாருங்க. பதினாலு, பதினஞ்சாம் நாள்ல சரியாத் தொறந்திருக்கு."

"ரெண்டையும் எழுதினது நீங்கதானேம்மா" என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கருப்பை எடை முப்பத்தெட்டு புள்ளி நாலு. அது இருபத்தொரு நாள் குட்டி இல்ல. இருபத்தாறாவது இருக்கும். எடை பொய் சொல்லாது."

"நான் சொல்வேனா சார்?"

அவர் சிரித்தார். ஒரு கோப்பைப் புரட்டினார். "கோவிச்சுக்காதீங்க. உங்க பொறந்த தேதியே இங்க ரெண்டு இருக்கு. பள்ளிக்கூடச் சான்றிதழ்ல ஒண்ணு, நீங்க குடுத்த மனுவுல ஒண்ணு. சொந்தத் தேதியிலயே குழப்பம். எலி தேதியில வராதா?"

அது அவள் செய்த தப்பு இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே வாய்க்கு வந்த ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். அவளுக்கு விவரம் தெரிந்த பிறகு திருத்தச் சொல்லி மனுக் கொடுத்தாள். அது ஒன்பது வருஷமாக இதே ஆபீஸில் தூங்குகிறது. தன் தேதியை எவனோ இஷ்டத்துக்கு எழுதியதால்தான், தன் கையால் எழுதுகிற தேதி ஒன்றுகூடப் பிசகக் கூடாது என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். அதையே எடுத்து அவள் மேல் வீசினார் அந்த மனிதர். 

"கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"அப்ப வேற காரணம் சொல்லுங்க. காரணம் இல்லாம எடை ஏறாது."

வேறு காரணம் என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை. அதுதான் அவளைக் கூடுதலாகக் கொதிக்க வைத்தது. அறைக்குத் திரும்பி வெப்பமானியைப் பார்த்தாள். சரி. விளக்கின் கடிகாரத்தைப் பார்த்தாள். சரி. கூண்டில் போடும் மரத்தூளை முகர்ந்து பார்த்தாள். எப்போதும் வருவதுதான். தராசில் எடை போடும் பெண்ணிடம் போய்க் கேட்டாள். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். தராசம்மா என்று பெயர்.

"எடுத்ததும் ஒட்டியிருக்கிற கொழுப்ப நீக்கி, தாள்ல ஒத்தி, உடனே போடறேங்க்கா. எப்பவும் போலத்தான். என்னையும் கேட்டாரு. நானும் அதத்தான் சொன்னேன்" என்றாள் தராசம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு உங்க தேதி மேல சந்தேகமே இல்லக்கா. ஆனா என்ன காரணம்னு எனக்கும் புரியல" என்றாள்.

சந்தேகமில்லை என்பதை இவள் மேலாளரிடமே சொல்லியிருக்கலாம் என்று எலியக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது தெருமுனைப் பூனை சுவர் மேல் படுத்திருந்தது. அவளைப் பார்த்தது. எழுந்துகூட வரவில்லை. முன்பெல்லாம் வாசல்வரை காலைச் சுற்றிக்கொண்டு வரும். "உனக்கும் நான் வேண்டாதவளா ஆயிட்டேனா?" என்று அதனிடம் எரிந்து விழுந்துவிட்டு வந்தாள்.

வீட்டில் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். சொன்னாள் என்பதைவிடக் கொட்டினாள். அவர் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டார். "போட்டுட்டு வேலையப் பாரு. ஒரு கையெழுத்துதானே" என்றார்.

"ஒரு கையெழுத்தா? அதப் போட்டா இருபத்திரண்டு வருஷமா எழுதின அத்தன தேதியும் பொய்யாயிடும். உங்களுக்கு எங்க புரியும், தையல் கோணினா பிரிச்சுத் தச்சுடுவீங்க."

 அவள் குளிக்கப் போனாள்.

அவர்கள் வீட்டுக் குளியல் மறைப்புக்கு ஒரு பக்கம் சுவர் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால், காலியான எலித்தீவன மூட்டைகளைச் சேர்த்துத் தைத்து அவர் ஒரு தடுப்புக் கட்டியிருந்தார். அச்சடித்த பக்கம் உள்ளே பார்த்திருக்கும். தினமும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது அவள் கண்ணெதிரே இருப்பது அதுதான். கொழுத்த எலிப் படம், அதன் கீழே சின்ன எழுத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியல். கோதுமை, மக்காச்சோளம், மீன் தூள், தவிடு, உப்பு. படித்துப் படித்து மனப்பாடமே ஆகிவிட்டது.

மீன் தூள்.

தலையில் ஊற்றிய தண்ணீர் வழிந்துகொண்டிருக்க, அவள் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். என்ன தேய்த்தாலும் போகாத அந்த மீன் வாடை இல்லை. எத்தனை நாளாக இல்லை? அதனால்தானே பூனை எழுந்து வரவில்லை? ஒரு பூனைக்குத் தெரிந்தது தனக்கும் தெரியவில்லை, ஆபீஸில் ஒருத்தனுக்கும் தெரியவில்லை என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

துணியை மாற்றிக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்துத் தடுப்பின் ஒரு மூட்டையை அப்படியே அறுத்தெடுத்தாள். "ஐயோ, நாளைக்கு நான் எப்படிக் குளிக்கிறது?" என்றார் புருஷன். "பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் கண்ணக் கட்டிவிடுங்க" என்றாள்.

மறுநாள் முதல் வேலையாகக் கிடங்குக்குப் போய்ப் புது மூட்டை ஒன்றைப் பார்த்தாள். அதே கம்பெனி, அதே நிறம், அதே கொழுத்த எலி. பட்டியல் மட்டும் வேறு. மீன் தூள் இருந்த இடத்தில் சோயாப் பிண்ணாக்கு. "எப்ப மாறிச்சு?" என்று கிடங்குக்காரரைக் கேட்டாள். "மாறிச்சா? மூட்டை எண்ணிக்கை சரியா இருந்தா இறக்குவேன். எலி திங்கறத நான் ஏன் படிக்கணும்?" என்றார். வருகைச் சீட்டைப் புரட்டியதில் புது மூட்டைகள் வந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. கெட்டுப்போன சோதனை மூன்றும் அதற்குப் பிறகு.

இரண்டு மூட்டையையும் தராசம்மாவிடம் விரித்துக் காட்டினாள். அந்தப் பெண் முதலில் பட்டியலைப் பார்த்தாள், அப்புறம் எலியக்காவைப் பார்த்தாள், அப்புறம் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அக்கா, சோயாவுல ஒரு சத்து இருக்கு. பொம்பள ஹார்மோன் மாதிரியே உடம்புல வேல செய்யும். நம்மளுக்குப் பரவாயில்ல. ஆனா இதுங்க சின்னக் குட்டிங்க. ஊசியே போடாம கருப்பை கனக்கும். நாம தீவனத்துலயே மருந்து குடுத்துட்டு, அப்புறம் ஊசியில என்ன இருக்குன்னு தேடியிருக்கோம்."

இருவரும் சேர்ந்து புள்ளி சாரிடம் போனார்கள். குளியல் தடுப்பின் பாசி படிந்த அந்த மூட்டையை எலியக்கா அவர் மேசை மேல், அவருடைய காகிதங்களுக்கு மேலேயே விரித்தாள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"இருக்கலாம்" என்றார் படித்துவிட்டு. "ஆனா இது ஊகம். தேதி தப்பா, தீவனம் தப்பான்னு நிரூபிக்கணும். ரெண்டு தீவனத்துலயும் குட்டி வளர்த்து, ஊசி இல்லாம எடை பாக்கலாம். ஆறு ஆறு, பன்னிரண்டு குட்டி. அதுவரைக்கும் அந்தக் கையெழுத்து நிக்கட்டும்."

"சார், அந்த நூத்தியெட்டே போதாதா?" என்றாள் எலியக்கா. "தேதி சரின்னு நான் சொல்றேன். தீவனம் மாறினது எழுத்துலயே இருக்கு. தீவனத்த மாத்தினா அடுத்த சோதனையிலயே தெரிஞ்சுடுமே. இதுக்குன்னு தனியா பன்னிரண்டு எதுக்கு?"

"அடுத்த சோதனையும் கெட்டா யார் பதில் சொல்றது? எனக்கு அத்தாட்சி வேணும்மா. உங்க வார்த்தைய நான் கோப்புல ஒட்ட முடியுமா?"

உயிரோடு இருக்கிற குட்டியின் கருப்பையை எடை போட முடியாது. அது அந்த அறையில் மூவருக்குமே தெரியும்.

மீன் தூள் தீவனத்தை வேறொரு பரிசோதனைக் கூடத்திலிருந்து தராசம்மா வரவழைத்தாள். சினை எலிகளில் சிலவற்றுக்கு அதுவும் மற்றவற்றுக்குப் புதுத் தீவனமும் போட்டு வளர்த்தாள் எலியக்கா. குட்டி பிறந்ததற்கு இரண்டு சாட்சி வேண்டும் என்று புள்ளி சார் உத்தரவு போட்டார். ஆகவே காலை ஏழு மணிக்குக் கிடங்குக்காரரும் வாசல் காவலாளியும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போட்டார்கள். மேலே அவள் எழுதிய அதே தேதிதான். கீழே இரண்டு கையெழுத்து விழுந்ததும் அது நிஜமாகிவிட்டது. "எலிக்குப் பிரசவம் பாத்தேன்னு வீட்ல சொன்னா சிரிக்கிறாங்க" என்றார் காவலாளி. எலியக்கா சிரிக்கவில்லை. தன் கையெழுத்து மட்டும் போதாது என்று ஒவ்வொரு அட்டையும் அவள் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தது.

குட்டிகளுக்கு இருபத்துநான்கு நாள் ஆனபோது, ஊசி போட்டிருந்தால் எடை பார்க்கிற அதே வயதில், தராசம்மா எடை போட்டாள். மீன் தூள் தின்ற ஆறும் இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. சோயா தின்ற ஆறும் முப்பத்தேழுக்குக் குறையவில்லை. எல்லாம் ஒரே நாள் பிறந்தவை.

புள்ளி சார் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அறிக்கை எழுதுவதற்குள் தேறிவிட்டார். "தீவனம் சார்ந்த மாறுபாட்டைப் பிரிவு கண்டறிந்து சரிசெய்தது" என்று எழுதினார். பிரிவு என்றால் யார் என்று எழுதவில்லை. பூசி மெழுகுவதற்கு அவருக்குத் தசமப் புள்ளி தேவைப்படவில்லை.

"அந்தக் காகிதம் சார்?" என்று கேட்டாள் எலியக்கா.

"எது? ஆபீஸ் நகலக் கிழிச்சுப் போட்டாச்சு. விடுங்கம்மா, மனசுல வச்சுக்காதீங்க."

அவள் எலி அறைக்குப் போனாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அது பொய். அவள் எதிர்பார்த்தாள்.

எலி அறையில் ஒரு பெரிய பதிவேடு உண்டு. செத்துப்போகிற ஒவ்வொரு எலிக்கும் அதில் ஒரு வரி. கூண்டு எண், பிறந்த தேதி, இறந்த தேதி, காரணம், கடைசியில் மேலாளர் கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் எப்போதும் சோதனை என்றே இருக்கும். எப்போதாவது நோய் என்று இருக்கும். அந்த நூற்றெட்டுக்கும் சோதனை என்றுதான் எழுதியிருந்தாள். அன்று அந்த அழியாத பென்சிலை எடுத்துப் பன்னிரண்டு வரி எழுதினாள். அவசரமில்லாமல், குண்டு குண்டாக. எழுதிய பதிவேட்டை இரு கையிலும் தூக்கிக்கொண்டு போய்ப் புள்ளி சார் முன்னால் வைத்தாள். பக்கம் முடிந்தால் அவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். மறுநாள் காலை வருஷ ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள்.

பேனாவைத் திறந்தவர் கையை நிறுத்தினார். பன்னிரண்டு வரியிலும் காரணக் கட்டத்தில் ஒன்றே இருந்தது: ஊழியர் சொன்னதை நம்பாதது.

"என்னம்மா இது? அடிச்சுட்டு சோதனைன்னு எழுதுங்க."

"பொறந்த தேதி சரியா இருக்கா சார்?"

"சரிதான். ஆனா…"

"செத்த தேதி?"

"இருக்கு."

"எண்ணிக்கை?"

அவர் விரலால் வரிகளை எண்ணினார்.

"பென்சில் எழுத்து அழியாது சார். அடிச்சா ஏன் அடிச்சோம்னு பக்கத்துல எழுதணும். அதுவும் சட்டம்தான். என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்க. இல்லன்னா கவனக்குறைவுன்னு எழுதி நீங்க கையெழுத்துப் போடுங்க."

அவர் பக்கத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு முதல் வரிக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்து எல்லா வரிக்கும் சேர்த்து முடிக்கப் பேனாவை நகர்த்தினார்.

"ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா சார்" என்றாள் எலியக்கா. அவர் பன்னிரண்டாவது கையெழுத்தைப் போட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள்.